பழைய மோட்டார் வண்டியில் உஷ்ணமும் குளிர்ச்சியும்

கொடுமுடியைச் சுற்றிக் காவேரிக் கரையிலும், காளிங்கராயன் வாய்க்காலின் கடைமடைப் பகுதியிலும் நிலம் வைத்துப் பயிர்செய்யும் விவசாயிகளில் அநேகர், பதினைந்து வருஷம் உழைத்த மோட்டார் வண்டி ஒன்றை இன்னும் பண்ணையில் வைத்து ஓட்டி வருகிறார்கள். மஞ்சள் விலை விசாரிக்க ஈரோட்டுக்குப் போகவும், உர மூட்டை ஏற்றி வரவும், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவும், நோயாளியை நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவும் அந்த வண்டியே உதவுகிறது. சர்க்கார் வண்டிகளைப் பொறுத்தவரையில், 15 வருஷம் கடந்தவற்றின் பதிவை 2023ஆம் வருஷம் ஏப்ரல் 1 முதல் புதுப்பிப்பதில்லை. தனிப்பட்டவர்களின் காருக்கு அவ்வாறில்லை. பரிசோதனையில் தேறினால் ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆகையால் நல்ல என்ஜின் உள்ள பழைய வண்டியை விற்காமல் வைத்திருப்பவரின் கணக்கில் தவறொன்றும் இல்லை.

ஆனால் கோடை வந்ததும் அக்கணக்கு சோதனைக்கு உள்ளாகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் இப்பக்கத்து வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது சகஜம். 2024ஆம் வருஷக் கோடையில் ஈரோட்டில் 42 டிகிரியையும் தாண்டியது. அந்த நாட்களில் பழைய வண்டிக்காரர்களிடமிருந்து இரண்டு முறையீடுகள் எழும். ஒன்று, என்ஜின் கொதிக்கிறது என்பது. மற்றொன்று, ஏர் கண்டிஷனில் குளிர்ச்சி வரவில்லை என்பது. முதலாவதற்கு ஒரு பட்டறையும், இரண்டாவதற்கு வேறொரு பட்டறையும் தேடிச் செல்வது வழக்கமாயிருக்கிறது. இரண்டும் பெரும்பாலும் ஒரே நோயின் இரண்டு குறிகள் என்பதை அறிந்திருந்தால் பணமும் மிஞ்சும், என்ஜினும் தப்பும்.

ஒவ்வொரு கோடையிலும் நடைபெறுவதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். சித்திரை மாதத்தில் ஒரு பண்ணையக்காரர் தமது வண்டியில் குளிர்ச்சி குறைந்திருக்கக் காண்கிறார். பட்டறையில், "கேஸ் கொறஞ்சு போச்சுங்க, ரொப்புனாச் சரியாப் போயிருமுங்க" என்கிறார்கள். ரொப்பிய பின் பத்து நாள் குளிர்ச்சி நன்றாயிருக்கிறது. வைகாசியில் மறுபடியும் அதே குறை, மறுபடியும் கேஸ். ஆனி பிறக்குமுன் மூன்றாம் முறை. அப்புறம் ஒருநாள் நடுப்பகலில், ரயில்வே கேட் திறப்பதற்காகக் குடும்பத்தோடு காத்துக்கொண்டிருக்கும்போது ரேடியேட்டர் பொங்கி, சிலிண்டர் ஹெட் வளைந்து, வண்டி கயிறு கட்டி இழுக்கப்பட்டு ஊர் சேருகிறது. முன்பக்க ஜாலியைக் கழற்றிப் பார்த்தால், கண்டென்ஸரின் முகம் முழுவதும் தட்டுத் துரும்பும் மண்ணும் அப்பிக் கிடக்கின்றன. அந்த ஈர மண்ணின் கீழ் அலுமினியம் அரித்து ஊசிமுனைத் துளை விழுந்திருக்கிறது. துளை வழியே கேஸ் போயிற்று. துரும்பினால் என்ஜின் கொதித்தது. மூன்று முறை பணம் வாங்கியவர்களில் ஒருவரும் ஜாலியைக் கழற்றிப் பார்க்கவில்லை.

குளிர்ச்சி உண்டாகும் விதம்

கவலை இறைத்த காலத்தைக் கண்டவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. சால் கிணற்றில் தாழ்ந்து நீரை மொள்ளுகிறது; எருதுகள் இழுக்க மேலே வந்து வாரியில் கொட்டுகிறது; மீண்டும் தாழ்கிறது. இடம் மாறுவது நீரேயன்றிச் சால் அன்று. வண்டியின் குளிர்சாதனத்தில் கேஸ் என்பது சாலைப் போன்றது. வண்டிக்குள்ளே முன்பலகையின் கீழிருக்கும் கூலிங் காயிலில் அது திரவநிலையிலிருந்து ஆவியாகி, உள்ளிருக்கும் உஷ்ணத்தை மொண்டுகொள்கிறது. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானைக்குள் இருக்கும் நீர் குளிர்வதும் இதே தத்துவத்தால்தான். இப்போது உபயோகத்திலுள்ள ஆர் 134ஏ என்னும் கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் பூஜ்யத்துக்கும் 26 டிகிரி கீழேயே கொதித்து ஆவியாகிவிடும் தன்மையது. கம்ப்ரஸர் அந்த ஆவியை இழுத்து அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்ஸருக்குத் தள்ளுகிறது. அங்கே அது உஷ்ணத்தைக் கொட்டிவிட்டுத் திரும்பவும் திரவமாகிறது.

கொட்டும் இடத்தில் வாரி அடைத்துக்கொண்டால் எருதை எவ்வளவு அடித்தும் பயனில்லை. கண்டென்ஸரில் காற்றுப் புகாவிட்டால் உள்ளிருந்து கொண்டுவந்த உஷ்ணம் வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறுகிறது, கம்ப்ரஸர் திணறுகிறது, அதை ஓட்டும் என்ஜினும் கூடுதலாக உழைத்துச் சூடாகிறது. இது ஒரு பக்கம். மற்றொரு பக்கம், கண்டென்ஸரைக் கடந்து வரும் காற்றே ரேடியேட்டருக்குச் செல்கிறது. வெளிக்காற்றே 40 டிகிரியில் இருக்க, கண்டென்ஸரில் இன்னும் சூடேறி வரும் காற்றைக் கொண்டு ரேடியேட்டர் என்ஜினைக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. துரும்பு அடைத்துக் காற்றின் அளவும் குறைந்துபோனால் முடிவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. பழைய கார்களிலும் ஜீப்புகளிலும் ஏர் கண்டிஷன் பின்னால் வைத்துப் பூட்டப்பட்டதாயிருக்கலாம். அவற்றின் ரேடியேட்டரும் விசிறியும் இந்தக் கூடுதல் பாரத்தைக் கருதி அமைக்கப்பட்டவை அல்ல. மோட்டார் காருக்கு முதன்முதலில் தொழிற்சாலையிலேயே ஏர் கண்டிஷன் பூட்டிக் கொடுத்தது அமெரிக்காவின் பாக்கார்டு கம்பெனியாகும். 1939ஆம் வருஷம் அதை வெளியிட்டார்கள். அதை நிறுத்த வேண்டுமானால் வண்டியை நிறுத்தி, இறங்கி, கம்ப்ரஸர் பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. இன்று ஒரு பொத்தான் போதும். எனினும் பொத்தானை அமுக்கியவுடன் என்ஜின் மீது ஒரு சுமை ஏறுகிறது என்பது அன்றும் இன்றும் ஒன்றே.

முதலில் பார்க்க வேண்டிய இடம்

கொங்கு நாட்டுச் சாலைகளில் கொள்ளுச் செடியையும் ராகிக் கதிரையும் பரப்பி, வண்டிச் சக்கரத்தால் மிதிபட வைக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. கிராம உத்தியோகஸ்தர்கள் தடுத்தும், களத்துக் கூலி மிச்சமென்று அது நடந்தேறி வருகிறது. அதன் மேல் ஓடும் வண்டிகளின் ஜாலிக்குள் தூசியும் உமியும் ஏறுகின்றன. அடியில் சுற்றிக்கொள்ளும் தட்டு, சூடான புகைக்குழாயில் பட்டுத் தீப்பற்றவும் கூடும். மஞ்சள் மெருகேற்றும் களங்களின் அருகில் நிற்கும் வண்டியில் மஞ்சள் தூள் ஒட்டுகிறது. கரும்பு லாரியின் பின்னே வரும் வண்டியில் காய்ந்த தோகைச் சிம்பு சேருகிறது. எண்ணெய்ப் பிசுக்கு சிறிதளவு இருந்துவிட்டால் இவையனைத்தும் கம்பளி போல் படிந்துவிடும்.

ஆகையால் எந்தப் பட்டறைக்கும் போகுமுன் வண்டிக்காரர் தாமே ஜாலி வழியாக ஒரு டார்ச் விளக்கை அடித்துப் பார்க்க வேண்டும். கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கில்தான் அழுக்கு அதிகம் தங்கும். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரிவதில்லை. என்ஜின் ஆறிய பிறகு, உட்பக்கமிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண ரப்பர்க் குழாய் நீரால் மெதுவாகக் கழுவ வேண்டும். பயிருக்கு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரைக் கொண்டு கழுவுவது கூடாது. அதன் வேகத்தில் காகிதம் போன்ற அலுமினியத் தகடுகள் மடிந்து, அழுக்கு அடைத்ததைவிட மோசமாகக் காற்றை அடைத்துவிடும். மடிந்த தகடுகளைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷாலோ மெல்லிய மூங்கில் சிம்பாலோ நிமிர்த்தலாம்.

அடுத்தது விசிறி. வண்டி ஓடும்போது குளிர்ச்சி நன்றாயிருந்து, நின்றவுடன் வெப்பக் காற்று வீசுமானால், குறை பெரும்பாலும் விசிறியிலேயே இருக்கும். ஓட்டத்தில் காற்று தானே புகுந்துவிடுகிறது. நிற்கும்போது விசிறி இழுத்தால்தான் உண்டு. மின்சார விசிறி உள்ள வண்டிகளில் ஏர் கண்டிஷனைப் போட்டதும் விசிறி சுழல்கிறதா என்று கவனிக்க வேண்டும். சுழலாவிட்டால் முதலில் பியூஸும், பிறகு ரிலேயும், அதன் பின்னரே மோட்டாரும் சோதிக்கத்தக்கவை. பத்து ரூபாய்ப் பியூஸுக்காக விசிறி மோட்டாரை மாற்றியவர்கள் உண்டு. என்ஜினே சுழற்றும் விசிறியுள்ள டீசல் ஜீப்புகளில், விசிறியின் நடுவே ஒரு திரவ கிளட்ச் இருக்கலாம். என்ஜின் நன்றாகச் சூடாயிருக்கும் நேரத்தில் அதை நிறுத்திவிட்டு, விசிறியைக் கையால் சுழற்றினால் சிறிது தடை இருக்க வேண்டும். தடையின்றி இராட்டினம் போல் சுழன்றால் கிளட்ச் கெட்டுவிட்டது. மின்சார விசிறிக்கு இச்சோதனையைச் செய்யலாகாது. அது என்ஜின் நின்ற பின்னும் திடீரெனச் சுழலக்கூடும். தோளில் துண்டுடன் குனிந்து பார்ப்பவர்கள் துண்டை எடுத்து வைத்துவிட்டுக் குனிவது நலம்.

சப்பைத் தண்ணீரால் வரும் கேடு

வெளியே துரும்பு செய்யும் கேட்டை ரேடியேட்டருக்கு உள்ளே தண்ணீர் செய்கிறது. இப்பக்கத்துத் தோட்டக் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் பலவற்றின் நீர் சுண்ணாம்புச் சத்து மிகுந்த சப்பைத் தண்ணீராகும். சமையற் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பே ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படிகிறது. கல் படிந்த குழாய் உஷ்ணத்தை வெளியே விடுவதில்லை. நாளடைவில் குழாயே தூர்ந்துவிடும். ரேடியேட்டரின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தால், என்ஜின் மிதமாகச் சூடான நிலையில், சில இடம் சூடாகவும் சில இடம் குளிர்ந்தும் இருப்பது உள்ளடைப்பின் அடையாளம்.

வடித்த நீருடன் கூலண்டைக் கலந்து ஊற்றுவதே சரியான முறை. கூலண்ட் பனிநாட்டுக்கு உரியது, நமக்கு எதற்கு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. உறையாமல் காப்பது அதன் ஒரு குணம். துருப்பிடிக்காமல் காப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் மற்ற குணங்கள். இந்த ஊருக்கு வேண்டியவை பின்னிரண்டுமே. வழியில் அவசரம் நேர்ந்தால் கிடைத்த நல்ல நீரை ஊற்றி வண்டியை ஊர் சேர்க்கலாம். ஆனால் அடுத்த வாரமே அதை வடித்துவிட்டு முறைப்படி நிரப்ப வேண்டும்.

ரேடியேட்டர் மூடியை அற்பமாகக் கருதுதல் கூடாது. அது வெறும் மூடியன்று. உள்ளே அழுத்தத்தைக் காக்கும் வால்வு. சாதாரண அழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், நல்ல மூடியின் அழுத்தத்தில் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்த இருபது டிகிரி லாபம் போய்விடும். இதே காரணத்தால்தான் சூடான என்ஜினில் மூடியைத் திறப்பது உயிருக்கு ஆபத்தாகிறது. திறந்த கணத்தில் அழுத்தம் நீங்கி உள்ளிருக்கும் நீர் முழுவதும் பொங்கி முகத்தில் அடிக்கும். என்ஜினை நிறுத்தி அரைமணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்து, மேல் ஓஸைத் தொட்டுப் பார்த்து, அது கை பொறுக்கும் சூடாகி மெத்தென்று இருந்தாலன்றித் திறக்கலாகாது. கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கும் என்பதும் அறிந்ததே.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது இங்கே பல பட்டறைகளில் வைத்தியமாக இருந்து வருகிறது. என்ஜின் 80 டிகிரிக்கு மேல் சூடேறிய பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் கதவு அது. கெட்டுப்போய் மூடிக்கொண்டால் என்ஜின் கொதிக்கும் என்பது உண்மை. அதற்காகக் கதவையே பெயர்த்துவிட்டால் என்ஜின் உரிய சூட்டை அடையாமல் ஓடி, எரிபொருள் அதிகம் செலவாகி, சிலிண்டர்கள் விரைவில் தேயும். சில என்ஜின்களில் நீர் குறுக்குவழியாகவே சுற்றி, கொதிப்பு அதிகமாவதும் உண்டு. பழைய தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத்து நீரில் போட்டுக் காய்ச்சினால், நீர் கொதிக்குமுன் அது திறக்கிறதா என்று கண்ணாலேயே காணலாம். திறக்காவிட்டால் புதிது வாங்கிப் போடுவதே முறை.

உஷ்ணம் காட்டும் முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. கோயமுத்தூரை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்திலேயே இத்தகைய மீட்டர்கள் தயாராகின்றன. அப்படியிருந்தும் இப்பக்கத்துப் பழைய வண்டிகளில் முள் செத்துக் கிடப்பதைச் சரிசெய்யாமலே ஓட்டுபவர்கள் அநேகர். கொதிப்பு தொடங்கியதை ஐந்து நிமிஷம் முன்னதாக அறிவதற்கும் ஆவி கிளம்பிய பின் அறிவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு சிலிண்டர் ஹெட்டின் விலையாகும்.

கேஸ் ரொப்புவது எப்போது?

கேஸ் பெட்ரோலைப் போல் செலவாகும் பொருளன்று. ரப்பர் ஓஸ்கள் வழியாகவும் கம்ப்ரஸர் அச்சின் சீல் வழியாகவும் பல வருஷங்களில் சிறிதளவு கசியலாம். ஒரு கோடையில் மூன்று முறை தீராது. வாய்க்காலில் உடைப்பு இருக்கும்போது தலைமடையில் எத்தனை அடி நீர் விட்டும் கடைமடைக்கு வராததை இவ்வட்டாரத்தார் அறிவார்கள். உடைப்பை அடைக்காமல் கேஸ் ரொப்புவதும் அதே போன்றதுதான்.

கசிவைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. கேஸுடன் கம்ப்ரஸர் எண்ணெயும் வெளிவருமாதலால், இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி படிந்திருக்கும் இடம் முதல் சந்தேகத்துக்கு உரியது. அங்கே சோப்பு நுரை தடவினால் குமிழி எழும். நல்ல பட்டறையில் நைட்ரஜனை அழுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். கசிவை அடைத்த பின்னர், குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வாக்குவம் பம்பால் அரைமணி நேரமாவது இழுக்க வேண்டும். இழுத்து நிறுத்திய பின் முள் அசையாமல் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஈரம் தங்கினால் அது நுண்துளை வால்வில் பனியாக உறைந்து வழியை அடைக்கும். அந்நிலையில் குளிர்ச்சி பத்து நிமிஷம் வந்து, நின்று, மறுபடியும் வரும். ரிசீவர் டிரையர் என்னும் ஈரம் உறிஞ்சும் குப்பியை, குழாய் திறந்து கிடந்த ஒவ்வொரு முறையும் மாற்றுவது உத்தமம்.

ரொப்பும்போது எடைபோட்டு ரொப்பச் சொல்ல வேண்டும். சிறிய கார்களுக்கு அரைக் கிலோவுக்கு முன்பின்னாகவே தேவைப்படும். சரியான அளவு பானெட்டின் கீழ் ஒட்டியுள்ள சீட்டில் அச்சாகியிருக்கும். அதிகம் போட்டால் அதிகக் குளிர்ச்சி என்பது தவறான எண்ணம். மிகையான கேஸ் கண்டென்ஸரில் திரவமாகத் தேங்கி, உஷ்ணம் கொட்ட இடமில்லாமல் செய்துவிடும். ஆர் 134ஏ உள்ள வண்டியில், 35 டிகிரி வெயிலில், தாழ்ந்த பக்க மீட்டர் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 45 பவுண்டும், உயர்ந்த பக்க மீட்டர் 200 முதல் 250 பவுண்டும் காட்டுவது ஏறக்குறைய ஆரோக்கியமான நிலை. இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் கண்டென்ஸரில் காற்றில்லை அல்லது கேஸ் மிகை. தாழ்பக்கம் உயர்ந்து, உயர்பக்கம் தாழ்ந்திருந்தால் கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டது. இந்த மூன்றையும் நினைவில் வைத்திருக்கும் வண்டிக்காரரை ஏமாற்றுவது எளிதன்று.

2003ஆம் வருஷத்துக்கு முற்பட்ட வண்டிகளில் சில, ஆர் 12 என்னும் பழைய கேஸுக்கு அமைந்தவை. அது வானத்தின் ஓஸோன் படலத்தை அழிப்பதால், 1987ஆம் வருஷத்து மான்ட்ரியல் ஒப்பந்தப்படி உலகமெங்கும் கைவிடப்பட்டது. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது. வளரும் நாடுகளுக்கும் 2010ஆம் வருஷம் ஜனவரி 1 முதல் அதன் உற்பத்தி நின்றது. இத்தகைய வண்டியில் நேராக ஆர் 134ஏவை ரொப்பினால், பழைய கம்ப்ரஸர் எண்ணெய் புதிய கேஸுடன் கலவாது; கம்ப்ரஸர் எண்ணெயின்றி உலர்ந்து இறுகிவிடும். எண்ணெயையும், டிரையரையும், ரப்பர் வளையங்களையும் மாற்றி, ரொப்பும் வாயையும் புதிய மாதிரிக்கு மாற்றிய பிறகே புதிய கேஸ் போடலாம். பழையதன் அளவில் நூற்றுக்கு 80 முதல் 90 பங்கு போதுமானது. திருகு மரை உள்ள வாய் பழைய மாதிரி, அமுக்கிப் பூட்டும் வாய் புதிய மாதிரி என்று கண்டுகொள்ளலாம். ஆர் 134ஏ ஓஸோனைக் கெடுப்பதில்லை. எனினும் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,400 மடங்கு வலியது. பட்டறையில் அதைக் காற்றில் திறந்துவிடுவது இவ்வூர் வெயிலை இன்னும் கூட்டும் காரியமே.

செலவு குறையும் என்று சொல்லி எவரேனும் சமையல் எரிவாயுவை ரொப்ப முன்வந்தால் உடனே மறுத்துவிட வேண்டும். அது குளிர்ச்சி தரும் என்பது மெய். ஆனால் வண்டிக்குள் காயிலில் கசிந்தால் அடைத்த கண்ணாடிக்குள் எரிவாயு நிறைந்து நிற்கும். ஒரு தீக்குச்சியோ பொத்தானின் பொறியோ போதும்.

காற்றே வராமற் போனால்

கேஸும் கண்டென்ஸரும் நன்றாயிருந்தும் காற்று மெலிதாக வீசினால் குறை வண்டிக்குள்ளே இருக்கிறது. தோட்டத்துச் சாளையில் நிற்கும் வண்டிக்கு எலியே முதற் பகை. முன்கண்ணாடியின் அடியிலுள்ள காற்றுத் துவாரம் வழியே புகுந்து, தேங்காய் நாரும் வைக்கோலும் கொண்டுபோய் புளோயருக்குள் கூடு கட்டிவிடும், ஒயரையும் கடிக்கும். துர்நாற்றமும் தடதடவென்ற சத்தமும் அதற்கு அடையாளம். துவாரத்தில் கம்பி வலை வைத்துவிடுவது சுலபமான காப்பு. காற்று வடிகட்டி உள்ள வண்டியில் அதைக் கழற்றித் தட்டிப் பார்த்து, கறுத்திருந்தால் மாற்ற வேண்டும். வடிகட்டி இல்லாத பழைய மாதிரிகளில் கூலிங் காயிலே வடிகட்டியாகித் தூசி அப்பிவிடும். அதை இறக்கிக் கழுவுவதைத் தவிர வழியில்லை.

புளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடி, மற்ற வேகங்களில் ஓடாவிட்டால் மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை. ரெஸிஸ்டர் என்னும் சிறு பாகம் எரிந்திருக்கும். முதலில் நல்ல குளிர்ச்சி இருந்து, சற்று நேரத்தில் காற்றே நின்றுபோய், வண்டியை நிறுத்தினால் அடியில் நிரம்ப நீர் சொட்டுமானால், காயிலில் பனிக்கட்டி கட்டியிருக்கிறது. காயிலின் குளிரை அளக்கும் சென்ஸர் கெட்டதோ காற்று குறைந்ததோ காரணமாகலாம். மிதமாக நீர் சொட்டுவது குற்றமன்று. அந்நீர் வெளியே சொட்டாமல் கால் வைக்குமிடத்தில் தேங்கினால் வடிகுழாய் அடைத்திருக்கிறது; மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் போதும்.

கம்ப்ரஸரின் கிளட்ச் "டக்" என்று பிடிக்கும் சத்தமே கேட்காவிட்டால், பியூஸ், ரிலே, அழுத்த ஸ்விட்ச் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். கேஸ் மிகக் குறைந்தால் அழுத்த ஸ்விட்ச் தானே கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அதைக் குறுக்கே ஒயர் போட்டு ஓடவைப்பது எண்ணெயில்லாத செக்கை ஆட்டுவதற்கு ஒப்பாகும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் ஏர் கண்டிஷனைப் போடாமல் வைத்திருப்பதும் நன்றன்று. அச்சின் சீல் உலர்ந்து கசிவு உண்டாகும். மார்கழியிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் ஓட்டினால் எண்ணெய் பரவி சீல் நனைந்திருக்கும்.

வெயிலில் நின்ற வண்டி அரைமணி நேரத்துக்குள் வெளியைவிட 15 டிகிரிக்கு மேல் சூடேறிவிடும். குழந்தைகளை உள்ளே விட்டுக் கடைக்குப் போவது ஒரு நிமிஷமாயினும் தகாது. அதே போல், ஏர் கண்டிஷனுக்காக என்ஜினை ஓடவிட்டுச் சாளைக்குள்ளே வண்டியில் படுத்துறங்குவது பெரும் ஆபத்து. பழைய புகைக்குழாயின் ஓட்டை வழியே வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமோ நிறமோ கிடையாது, உறங்கியவர் எழுந்திருப்பதில்லை.

ஹீட்டர்

கொடுமுடியில் ஹீட்டர் எதற்கு என்று அதை மறந்தேவிடுவது வழக்கம். ஆனால் குளிர்ச்சிக் குறையின் ரகசியம் சில சமயம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஹீட்டர் என்பது என்ஜினின் சுடுநீர் ஓடும் ஒரு சிறு ரேடியேட்டர். கூலிங் காயிலுக்கு அடுத்தே இருக்கும். அதன் வால்வை இழுக்கும் கேபிள் துருப்பிடித்து வால்வு பாதி திறந்து நின்றால், அல்லது காற்றுக் கதவு மூடாமல் நின்றால், குளிர்ந்த காற்றும் சுடுகாற்றும் கலந்து வெதுவெதுப்பாக வரும். கேஸ் எவ்வளவு ரொப்பினாலும் இது தீராது. என்ஜின் சூடான பின் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஓஸையும் தொட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். பிடி குளிர்ச்சியின் பக்கம் இருக்கையில், வால்வு வைத்த மாதிரிகளில் ஒரு ஓஸாவது ஆறியிருக்க வேண்டும். உள்ளே இனிப்பு மணமும், கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போன்ற மூட்டமும், நாள்தோறும் ரேடியேட்டர் நீர் குறைவதும் சேர்ந்து காணப்பட்டால், ஹீட்டர் ஓட்டையாகிக் கூலண்ட் கசிகிறது.

அத்தகைய சமயத்தில் இரண்டு ஓஸையும் ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டரைத் துண்டித்துவிடுவார்கள். ஊர் சேர்வதற்கு அது தக்க உபாயமேயன்றி நிரந்தரமாக விடத்தக்கதன்று. வழியில் என்ஜின் கொதிக்கத் தொடங்கினால் ஏர் கண்டிஷனை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழு வேகத்தில் போடுவதால் ரேடியேட்டருக்கு ஒரு கைத்துணை கிடைத்து முள் சிறிது இறங்கும். வண்டிக்குள் இருப்பவர்களுக்குப் பத்து நிமிஷம் கஷ்டந்தான். என்ஜினுக்கு அது உயிர். ஹீட்டரைத் துண்டித்த வண்டியில் இந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. அன்றியும் உதகமண்டலத்துக்கோ ஏற்காட்டுக்கோ ஏறும்போது மழையும் மூடுபனியும் சேர்ந்து முன்கண்ணாடி உட்புறம் மங்கிவிடும். ஏர் கண்டிஷனையும் ஹீட்டரையும் ஒருங்கே போட்டு, காற்றைக் கண்ணாடியின் மேல் திருப்பினால், ஈரம் காயிலில் வடிந்து, உலர்ந்த சுடுகாற்று வீசி, ஓரிரு நிமிஷத்தில் கண்ணாடி தெளியும். மலைப் பிரயாணம் உத்தேசித்திருப்பவர்கள், ஹீட்டர் வேலை செய்கிறதா என்பதை மலை அடிவாரத்தில் அன்றி, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாக வீட்டு வாசலிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும்.